வங்கியிடமே கேட்டிருக்கலாம்

கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று கடிதம் எழுதினார். மோசடியைத் தணிக்கையாளர்கள் பிடிக்கவில்லை; செய்தவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது.

அதைப் பிடிக்க மேதைமை தேவையில்லை என்பதுதான் வேதனை. இருப்பு எவ்வளவு என்று தணிக்கையாளர் வங்கிக்குத் தாமே எழுதி, பதிலையும் தாமே நேரடியாகப் பெற வேண்டும். தணிக்கை மாணவருக்கும் தெரிந்த பாடம் இது. சத்யம் கணக்குகளைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்களோ அந்த வேலையைச் சத்யம் நிர்வாகத்தின் கையிலேயே விட்டிருந்தன என்று 2011இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் கூறியது. பாலுக்குப் பூனை காவல்!

சந்தேகப்படுவது வாடிக்கையாளருக்கு அவமரியாதை என்ற தயக்கம் இன்னும் போகவில்லை. கட்டணம் தருவது தணிக்கைக்குள்ளாகும் நிறுவனமே என்னும்போது எப்படிப் போகும்? தவறும் தணிக்கையாளர்களைத் தண்டிக்க 2018இல் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் வந்தது, நல்லது. ஆனால் தண்டனை பணம் போன பிறகுதான்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தணிக்கையாளரோ அவரது பிரதிநிதியோ வர வேண்டும் என்கிறது 2013 நிறுவனங்கள் சட்டம். பங்குதாரர்களே, எழுந்து கேளுங்கள்: வங்கியின் பதில் யார் கைக்கு வந்தது?