இரண்டு தரம் வாற மெயிலை உடனே நிறுத்த வேண்டாம்

தோழர்களே,

பார்க் எக்ஸ்டென்ஷன் வாடகைக் கூட்டத்துக்கான அழைப்பு சிலருக்கு இரண்டு தரம் வந்தது. "சேவரில ஒரு செட்டிங்கை மாத்தினா முடிஞ்சுது" என்பதுதான் உடனே வந்த பதில். இப்போதைக்கு மாற்றக் கூடாது என்பது என் கருத்து.

அழைப்பு வாடகைக்குழு, மொழிக்குழு என்ற இரண்டு முகவரிக்கும் போனது. எங்கட சேவரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ். அது குழுப் பெயரை விரித்து, உள்ளே இருக்கிற ஆட்களின் முகவரியாக மாற்றும். ஒரே ஆள் திரும்ப வந்தால் ஒன்றை வெட்டிவிடும். ஆனால் வழக்கமான அமைப்பில் அது ஆளோடு சேர்த்து, அவர் எந்தக் குழுப் பெயர் வழியாக வந்தார் என்பதையும் பார்க்கும். வழி இரண்டு என்றால் பிரதியும் இரண்டு. எனேபிள்_ஒரிஜினல்_ரெசிப்பியன்ட் என்பதை 'நோ' ஆக்கினால் ஒன்றுதான் போகும். கூடவே எக்ஸ்-ஒரிஜினல்-டு என்ற தலைப்பு வரியும் போய்விடும். மெயில் எந்தக் கதவால வந்தது எண்டு சொல்லுறது அந்த வரிதான். (ஜிமெயில்காரர் ஏன் முறையிடவில்லை என்றால், ஒரே மெசேஜ்-ஐடி உள்ள இரண்டாவது பிரதியை அது காட்டுவதில்லை.)

இரட்டை மெயில் சின்னத் தொல்லை. எனக்குப் பயம், பட்டியலுக்குள் பட்டியல் செருகிக் கிடப்பது. ஒருவர் "என்ர பெயரை எடுத்துவிடுங்கோ" என்று கேட்கிறார். வாடகைக்குழுவில் எடுக்கிறோம். 'எல்லோரும்' என்ற முகவரிக்குள் மொழிக்குழு இருக்கு, அதற்குள் அவர் இன்னும் இருக்கிறார். அகதிக் கோரிக்கை முடியாதவர், ஊரில் அம்மா இருப்பவர், காரணம் சொல்லிக்கொண்டு கேட்க மாட்டார். 2014 மார்ச்சில் இலங்கை அரசு வர்த்தமானியில் 16 அமைப்புகளையும் 424 ஆட்களையும் பெயர் போட்டுப் பட்டியலிட்டதை எங்கட வீடுகளில் ஒருத்தரும் மறக்கவில்லை.

அதனால் முதலில் ஒவ்வொரு குழு முகவரியையும் 'சென்ட்மெயில் -பிவி' கட்டளையால் சோதிப்போம். அது மெயிலை அனுப்பாமல், கடைசியில் யார் யாருக்குப் போகும் என்று அறிக்கை மட்டும் தரும். அதை வைத்து ஒவ்வொருவரிடமும் "இதில் இருக்க விருப்பமா?" என்று கேட்போம். செட்டிங்கைப் பிறகு மாற்றலாம். பாஸ்வேர்ட் வைத்திருக்கிற ஒருத்தரே இதைத் தீர்மானிக்கவும் கூடாது.

கூகுளுக்கு மாறுவம் எண்டுறவைக்கு ஒரு சொல்: அங்கேயும் குழுவுக்குள் குழு வைக்கலாம், சிக்கல் அப்படியே வரும். மாறத்தான் வேணுமென்றால் இங்கேயே, தொழிலாளர்களே நடத்துகிற கூம்பிட் இருக்கு.

வாடகைக்குழுப் பட்டியலை நான் பார்க்கிறேன். மற்றதுகளுக்கு ஆள் வேணும். அடுத்த கூட்டத்துக்கு முன் பதில் போடுங்கோ.