பூனைக்கும் சர்க்கரை வரும், அதற்காகக் கைவிட வேண்டாம்

"எங்கள் பூனைக்குச் சர்க்கரை வியாதி" என்று சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். அடுத்து, "தினமும் ரெண்டு வேளை ஊசியா!" என்று வாயைப் பிளக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு யோசனை வரும். அதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது: "பேசாமல் மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்களேன். எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும்."

பிழைத்துக்கொள்ளாது. இன்சுலின் போதாத உடம்பு, சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீட்டோன் என்கிற அமிலம் இரத்தத்தில் சேரும். பூனை வாந்தி எடுக்கும், சாப்பாட்டை நிறுத்தும், சுருண்டு படுத்துச் செத்துப்போகும். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகும் என்பதுதான் அந்த யோசனையின் ஒரே வசதி.

எங்கள் வீட்டு மணிக்குப் பத்து வயது. சென்ற வருடம் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்தான். மண் தட்டு எப்போதும் நனைந்து கிடந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிய இளைத்தான். டாக்டர் இரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த பயத்திலேயே பூனைகளுக்குச் சர்க்கரை எகிறுமாம். அதனால் ஒரு தடவை இரத்தம் பார்த்துவிட்டு முடிவு சொல்ல மாட்டார்கள். ஃப்ரக்டோசமின் என்று ஒரு சோதனை இருக்கிறது. நமக்கு எச்.பி.ஏ.1.சி. மூன்று மாதக் கணக்கைச் சொல்வதுபோல், அது கடந்த ஓரிரு வாரக் கணக்கைச் சொல்லும்.

நடுவயது தாண்டிய, குண்டான, வீட்டுக்குள்ளேயே கிடக்கும், கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாலும் வரலாம். கவனிக்காமல் விட்டால் பின்னங்கால் நரம்புகள் பலவீனமாகி, குதிகாலைத் தரையில் பதித்து நடக்கத் தொடங்கும்.

என் கருத்து இதுதான். இந்த வியாதியை வீட்டில் வைத்துப் பார்க்க நம்மைப் போன்ற பணி ஓய்வு பெற்றவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. நம்மில் பலர் வீட்டில் குளுக்கோமீட்டரும் ஊசியும் ஏற்கெனவே இருக்கின்றன. மணி பார்த்துச் சாப்பிடுவதும் மருந்து எடுப்பதும் பழகிப்போன விஷயம். ஆனால் அந்தப் பழக்கமே நம்மை ஏமாற்றவும் கூடும். பூனை என்பது மூன்று நான்கு கிலோ எடையுள்ள சின்ன மனிதன் இல்லை.

முதலில் மாத்திரை. "என் மெட்ஃபார்மினில் கால்வாசி கொடுக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. வெந்தயம், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ எதுவும் கூடாது. அமெரிக்காவில் 2022-இல் பூனைகளுக்கென்றே ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதையும் எல்லாப் பூனைக்கும் கொடுக்க முடியாது. பல சோதனைகள் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின்தான் மருந்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

இரண்டாவது சாப்பாடு. பால் சோறும் தயிர் சாதமும் போட்டுப் பூனை வளர்ப்பது நம் வழக்கம். பூனையோ பிறவியிலேயே மாமிசம் தின்னும் பிராணி. மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த உணவுதான் அதற்கு ஏற்றது. உலர் தீனியைவிட ஈரமான பவுச் உணவு பெரும்பாலும் நல்லது. ஆனால் இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கு ஆபத்தாகும். உணவை மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மெதுவாக மாற்றுங்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவே போட்டால் சர்க்கரை இறங்கிவிடும்.

மூன்றாவது சிரிஞ்ச். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது, ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட். யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பூனைகளுக்கு அதிகம் எழுதித்தரும் கிளார்ஜின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். ஒரு யூனிட்டில் தொடங்கும் உடம்புக்கு அது விஷம் மாதிரி. மருந்துக்கடைக்காரர் எது கொடுத்தாலும் பாட்டிலையும் மூடியையும் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, உயர்ந்த சர்க்கரையைவிடத் தாழ்ந்த சர்க்கரைக்குத்தான் பயப்பட வேண்டும். உயர்ந்தது மெல்லக் கெடுக்கும், தாழ்ந்தது ஒரே நாளில் முடித்துவிடும். சோர்ந்து, தள்ளாடி, வலிப்பு வந்தால், ஈறில் தேனோ கெட்டியான சர்க்கரைக் கரைசலோ தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வலிப்பின்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள். சாப்பிடாத அன்று டாக்டரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். ஊசி சரியாக இறங்கியதா என்று சந்தேகம் வந்தால் இன்னொன்று போடாதீர்கள்.

ஊசி போடுவதுதான் இதில் சுலபமான வேலை. மணி தட்டில் தலையைக் கவிழ்த்துச் சாப்பிடும்போது விலாப்பக்கத் தளர்ந்த தோலைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காது ஓரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், நோட்டில் ஒரு வரி. நம் குளுக்கோமீட்டர் பூனைக்கு உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதால், எந்த மீட்டர், எந்த அளவு என்பதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. காலை ஏழு, மாலை ஏழு என்று கால் கட்டிப்போடப்பட்டது. மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் ஊசி போடக் கற்றுக்கொண்டதால் கல்யாணம், காரியங்களுக்காவது போய் வர முடிகிறது. நமக்கு உடம்புக்கு முடியாமல் போகும் நாளும் வரும். எனவே இன்னொருவர் பழகியிருப்பது கட்டாயம். பென்ஷனில் செலவு தெரியத்தான் செய்கிறது. சென்னையில் வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. தனியாரிடம் முடியாதவர்கள் அங்கே போகலாம்.

நாம் பிராணிகளுக்குக் கடன்பட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கணையத்தை எடுத்தால் சர்க்கரை வியாதி வரும் என்று 1889-இல் தெரியவந்தது ஒரு நாயை வைத்துத்தான். 1921-இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் சோதித்த பிறகே, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். காலையில் ஊசி போட்டுக்கொண்டு காபி குடிக்கும் நம் எல்லோரும் அந்த நாய்களின் தயவில் உட்கார்ந்திருக்கிறோம்.

சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியாகப் பார்த்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவையில்லாத நிலையும் வருகிறது. மணிக்கு இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். ஆனால் எடை கூடியிருக்கிறது, மதில் ஏறுகிறான்.

எல்லோராலும் இது முடியும் என்று நான் சொல்லவில்லை. கை நடுங்குகிறவர்கள், தனியாக இருக்கிறவர்கள், பணமில்லாதவர்கள் உண்டு. அவர்கள் டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லட்டும். பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். எதுவுமே வழியில்லை என்றால், வலியில்லாமல் அனுப்பி வைப்பதைப் பற்றிக்கூட அவரோடு பேசலாம். சாக்குப்பையில் கட்டி மார்க்கெட்டில் விடுவது மட்டும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஏழெட்டு வயது தாண்டிய குண்டுப் பூனை இருந்தால், இந்த வாரம் அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.