பழைய காருக்கு மாற்று இன்ஜின்: பிரிப்பதற்கு முன்பே கணக்கு முடியட்டும்

அப்பா ஆசையாக வாங்கிய அம்பாசடர். விற்க மனமில்லை. மேட்டில் ஏறினால் இழுவை இல்லை, சைலன்சரில் நீலப் புகை, மாதத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. "கைவசம் நல்ல இன்ஜின் ஒண்ணு இருக்கு சார், தூக்கி வச்சிடலாம்" என்கிறார் மெக்கானிக். உடனே வீட்டில் எல்லோரும் கேட்பது, "இன்ஜின் என்ன விலை?"

பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் சேமிப்பு கரையத் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். இன்ஜினின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்கு மட்டுமே. மீதியைக் கணக்குப் போடாமல் காரைப் பிரித்துவிட்டால், பாதி வேலையில் பணம் தீர்ந்து, இன்ஜின் இல்லாத கார் பட்டறையின் மூலையில் மழையில் நனையும். வயரிங்கை எலி கடிக்கும், பிரேக் டிரம் துருப்பிடிக்கும். அதன் பிறகு விற்றால் இரும்பு விலைதான்.

மாற்றத்தான் வேண்டுமா?

இழுவை குறைந்தாலே இன்ஜின் போய்விட்டது என்று பொருளில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும், கார்புரேட்டர் அடைத்திருந்தாலும், இக்னிஷன் டைமிங் தவறியிருந்தாலும் கார் மேட்டில் திணறும். புகையின் நிறம் ஓரளவு உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், ஹெட் கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார்கள். நான்கு சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

தேய்மானம் மட்டும்தான் குறை என்றால், இருக்கிற இன்ஜினையே முழுதாக ஓவராயில் செய்வது நல்ல வழி. லேத்தில் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், பேரிங் போட்டு, வால்வு சீட்டைச் சரிசெய்தால் பழைய இரும்பு பிளாக் மறுபடி உழைக்கும். பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, இனி போர் அடிக்க இடமில்லாத அளவுக்கு முன்பே அடித்திருந்தாலோதான் மாற்று இன்ஜின் பற்றிப் பேச வேண்டும்.

முதல் செலவு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்வரும் பஸ் டிக்கெட்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதைப் பற்றியதுதான். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதி பெறாமல் மாற்றினால் 182-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாற சட்டம் தனியாக வழிவிட்டிருக்கிறது. அங்கும் அங்கீகாரம் பெற்ற கிட்டைத்தான் பொருத்த வேண்டும்.

நடைமுறையில் கார் உரிமையாளர் முன் மூன்று பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, சொந்த இன்ஜினை ஓவராயில் செய்வது. இன்ஜின் எண் மாறாது, காகிதச் சிக்கலும் இல்லை.

இரண்டு, அதே கம்பெனியின், அதே வகை இன்ஜின் இன்னொன்றை வைப்பது. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண் மாறும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

மூன்று, வேறு வகை இன்ஜின். சிசி மாறும், சில சமயம் எரிபொருளும் மாறும். சட்டம் கண்டிப்பாகப் பார்ப்பது இதைத்தான். எழுத்து மூலமான அனுமதி கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. "எல்லோரும் இப்படித்தான் ஓட்டறாங்க" என்ற பட்டறைப் பேச்சு, விபத்து நடந்த மறுநாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முன்னால் நிற்காது. பாலிசியில் ஒரு இன்ஜின் எண், பானெட்டுக்குள் வேறு எண் என்றால் கிளெய்ம் சிக்கலாகும்.

இன்னொன்று. இன்ஜின் புதிதானாலும் காரின் வயது குறையாது. ஆர்.சி.யில் உள்ள ஆண்டுதான் ஆண்டு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் செலவும், எஃப்.சி.யும் அப்படியே இருக்கும்.

"அப்படியே உட்கார்ந்துடும்" என்பது உண்மையா?

அம்பாசடரையே எடுத்துக்கொள்ளலாம். நெடுங்காலம் அதில் இருந்தது 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே அதில் 1,817 சிசி இசுசூ இன்ஜினை வைத்து விற்றது. அதனால் பழைய அம்பாசடருக்கு இசுசூ இன்ஜின் சுலபமாகப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் கம்பெனி இன்ஜினை மட்டும் மாற்றவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த நான்கு கியருக்குப் பதிலாக, தரையில் ஐந்து கியர் வந்தது. அதையொட்டிய மற்ற மாற்றங்களும் வந்தன. 1984-ல் வந்த கான்டெஸ்ஸாவின் கதையும் இதுவே. பெரிய உடம்பில் அந்த 1,489 சிசி இன்ஜின் திணறியது. பிறகு இசுசூ இன்ஜின் ஐந்து கியர் பாக்ஸோடு சேர்ந்தே வந்தது.

தொழிற்சாலையே ஜோடியாக மாற்றியதை பட்டறையில் தனியாக மாற்ற முடியாது. இன்ஜினோடு கியர் பாக்ஸ், அதற்கேற்ற கிளட்ச், இன்ஜின் மவுண்டிங், நீளம் சரியான புரொபெல்லர் ஷாஃப்ட், கியர் லீவருக்குத் தரையில் வெட்டும் வேலை, ரேடியேட்டர், சைலன்சரின் முன்பக்கப் பைப், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று பட்டியல் நீளும். இன்ஜினின் வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள காரில் இதை விட்டுவிட்டால் விலை கொடுப்பது உயிர்.

ஒரே சிசி என்பதும் ஏமாற்றும். மாருதி 800-ம் ஆம்னியும் 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆனால் 800-ல் இன்ஜின் பானெட்டுக்குள் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆம்னியில் முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒன்றின் கியர் பாக்ஸ் மற்றதற்கு உதவாது. கார்புரேட்டர் காரில் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வைத்தால் கம்ப்யூட்டர், சென்சார்கள், முழு வயரிங், அதிக அழுத்தம் தரும் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும்.

வாங்கும் இடத்தில்

சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி, கொல்கத்தா மல்லிக் பஜார் எங்கே வாங்கினாலும் விதி ஒன்றுதான். ஓடாத இன்ஜினை நம்பி வாங்கக் கூடாது. முடிந்தால் காரில் இருக்கும்போதே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் போன்ற வெண்மை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். ஓடும்போது அந்த வாயிலிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது.

பிளாக்கில் பொறித்த எண் தெளிவாக இருக்க வேண்டும். தேய்க்கப்பட்ட எண்ணைத் தொடவே கூடாது. அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருக்கலாம். எண் குறிப்பிட்ட பில்லும், அந்த இன்ஜின் இருந்த காரின் பதிவு ரத்தான சான்றின் நகலும் கேட்டு வாங்க வேண்டும். ஆர்.டி.ஓ. கேட்டால் காட்ட இவை வேண்டும்.

உதிரி இன்ஜினைவிட, உடம்பு போய் இன்ஜின் நன்றாக உள்ள முழுக் கார் ஒன்று கிடைத்தால் பல சமயம் லாபம். மவுண்டிங், வயரிங், ரேடியேட்டர், நட்டு போல்ட் வரை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். மீதியை ஸ்கிராப்புக்குப் போடலாம்.

100 ரூபாயில் யாருக்கு எவ்வளவு?

ஊருக்கு ஊர், காருக்குக் கார் விலை மாறும். அதனால் மொத்தமாகச் செலவிட முடிந்த தொகையை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

• இன்ஜினும் கியர் பாக்ஸும்: 30
• அந்த இன்ஜினைத் திறந்து சீல், கேஸ்கெட், பேரிங், வாட்டர் பம்ப், கிளட்ச் புதிதாகப் போட: 14
• மவுண்டிங், வெல்டிங், புரொபெல்லர் ஷாஃப்ட்: 8
• ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் லைன், வயரிங்: 13
• பிரேக், டயர்: 8
• கூலி: 10
• ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ்: 2
• எதிர்பாராததற்கு: 15

இது ஒரு மாதிரிதான். ஆனால் பாடம் ஒன்று தெரியும். "இன்ஜின் என்ன விலை?" என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில் இந்தப் பட்டியலின் முதல் வரி மட்டும். கையில் 60,000 ரூபாய் இருப்பவர் அந்த 60,000-க்கும் இன்ஜின் வாங்கிவிட்டால், மொத்த வேலைக்கு இரண்டு லட்சம் தேவைப்படும். பட்டியல்படி அவர் இன்ஜினுக்கு ஒதுக்க முடிவது 18,000-தான். அந்த விலையில் நல்ல இன்ஜின் கிடைக்காது என்றால், அவருக்கான வழி ஓவராயில்.

கடைசி வரியின் 15 ரூபாயை எடுத்து மேக் வீலோ மியூசிக் சிஸ்டமோ வாங்கக் கூடாது. பழைய காரைத் திறந்தால் துருப்பிடித்த சேஸிஸ், இற்றுப்போன டேங்க் என்று ஏதாவது ஒன்று வெளியே வந்தே தீரும். பெட்ரோல் ஹோஸ்களை இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுவதும் நல்லது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் அதைத் தாங்கப் பிறந்ததல்ல.

பட்டறையோடு பேசும்போது

எஸ்டிமேட் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தெந்த பாகம், யார் வாங்கித் தருவது, கூலி எவ்வளவு, எத்தனை நாள் என்று தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். பணத்தை மூன்று தவணையாகப் பிரிக்கலாம். தொடங்கும்போது ஒன்று, இன்ஜின் உட்கார்ந்து ஸ்டார்ட் ஆனதும் ஒன்று, ரோட்டில் ஓட்டிப் பார்த்து லீக், சூடு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு கடைசி. பிரிக்கும் முன் ஒவ்வொரு ஒயரையும் பைப்பையும் செல்போனில் படம் எடுத்து வைத்தால், பூட்டும்போது மெக்கானிக்குக்கும் உதவும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் அனுமதி, அடுத்து பிரேக். பிறகு பட்டியலில் உள்ள எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் சேர வேண்டும். கடைசியாகத்தான் பழைய இன்ஜினை இறக்க வேண்டும். இப்படிச் செய்தால் நடுவில் பணம் நின்றாலும் கார் ஓடும் நிலையில் இருக்கும். மெதுவாக ஆறு மாதம் பொருள் சேர்த்து, சில வாரங்களில் வேலையை முடிக்கலாம்.

ஓடத் தொடங்கியதும் முதல் 1,000 கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டி, ஆயிலை மாற்றி, மவுண்டிங் போல்ட்களை மறுபடி முடுக்க வேண்டும்.

பழைய இன்ஜினை எடைக்குப் போடும் அவசரம் வேண்டாம். 2021-ல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய, இன்ஜின், சேஸிஸ், பாடி ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். தாத்தாவின் காருக்கு அந்தப் பதிவு வேண்டும் என்று பேரன் ஒருநாள் கேட்கலாம். பழைய இன்ஜினின் எண் தெரியும்படி படம் எடுத்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, பிளக் துளைகளை மூடி, தார்ப்பாயில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் மரக்கட்டை மேல் வைத்தால் போதும். ஓவராயில் செய்ய முடிகிற இன்ஜின் என்றால், அதை இறக்குவதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பதில் தவறில்லை.