அறுநூறு எம்.எம். ஆசை

பறவைப் படம் எடுக்கக் கிளம்பும் யாரும் முதலில் பறவையைப் பற்றிக் கேட்பதில்லை. "எத்தனை எம்.எம். வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் வந்து நின்றான். விருத்தாசலத்தில் கல்யாணப் படம் எடுக்கிறவன். நிக்கான் டி750 கேமராவும் ஒரு 70-200 லென்ஸும் வைத்திருக்கிறான். தாலி கட்டும் நேரத்துக்கு அதைவிட நல்ல லென்ஸ் கிடையாது. ஆனால் கம்மாபுரம் வருகிற வழியில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடையை அதில் எடுத்துப் பார்த்திருக்கிறான். படத்தில் கம்பி இருந்தது, வானம் இருந்தது, நடுவில் நீலமாக ஏதோ இருந்தது.

"மாமா, அறுநூறு இல்லாம இந்த வேலைக்கு ஆவாது போலருக்கே" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வா என்றேன். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பறவையின் அளவை லென்ஸின் எம்.எம். எண்ணால் பெருக்கி, நாம் நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும். சென்சாரில் பறவை எவ்வளவு பெரிதாக விழும் என்பது வந்துவிடும். நம் வாய்க்கால் ஓரத்துச் சிறால் மீன்கொத்தி அலகு முதல் வால் வரை சுமார் 17 செ.மீ. இருபது மீட்டர் தள்ளி நின்று 200 எம்.எம்.மில் எடுத்தால் சென்சாரில் விழுவது 1.7 மி.மீ. அறுநூறில் எடுத்தால் 5.1 மி.மீ. டி750 போன்ற ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆக, லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டி வாங்கிய அறுநூறிலும் மீன்கொத்தி படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

பையன் முகம் கொஞ்சம் வாடியது. கிராப் சென்சார் கேமராவில் போட்டால் அறுநூறு தொள்ளாயிரம் ஆகிவிடும் என்று யாரோ சொன்னார்களே என்றான். ஆகாது. அதே 5 மி.மீ. மீன்கொத்திதான் அங்கேயும் விழும். சென்சாரின் உயரம் 16 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்பதால் சுற்றியிருக்கும் வெளியைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சின்னச் சென்சாரில் பிக்சல்கள் நெருக்கமாக இருந்தால் பறவையின் மேல் அதிகப் பிக்சல் விழும். லாபம் அவ்வளவுதான். அது உண்மையான லாபம், மறுக்கவில்லை. ஆனால் தொள்ளாயிரம் என்று பெட்டியில் போடுவது வியாபாரம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வேறொன்று தெரியும். மீன்கொத்தியிடமிருந்து பத்து மீட்டரில் உட்கார இடம் கிடைத்தால் 300 எம்.எம்.மிலேயே அந்த 5 மி.மீ. வந்துவிடுகிறது. தூரம் பாதியானால் லென்ஸ் இரண்டு மடங்கான மாதிரி. ஆகவே எத்தனை எம்.எம். என்பதை முடிவு செய்யவேண்டியது கடைக்காரர் இல்லை, நம் ஊர்ப் பறவைகள் நம்மை எவ்வளவு கிட்டே விடுகின்றன என்பதுதான். அது இடத்துக்கு இடம் மாறும்.

வீராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேத்தியாத்தோப்பு தாண்டிக் காட்டுமன்னார்கோயில் பக்கம் கரையோடு ரோடு போகிறது. கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. காலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து பறவை முகத்தில் விழும், படம் எடுக்க இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. ஆனால் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்துகள் கரைப்பக்கம் ஏன் வரப்போகின்றன? நடுத் தண்ணீரில் கூட்டமாக மிதக்கும். 60 செ.மீ. வாத்து, 150 மீட்டர் தூரம், 600 எம்.எம். லென்ஸ்: சென்சாரில் 2.4 மி.மீ. ஃபுல் ஃபிரேமின் அகலம் 36 மி.மீ., அதில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்த வாத்துக்கு எந்த லென்ஸும் பத்தாது. பைனாகுலரில் பார்த்துவிட்டு வருவதே மரியாதை.

அதோடு நம் வெயில் வேறு. விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். சூளைக் கதவைத் திறந்ததும் அந்தப் பக்கம் நிற்கும் ஆள் முகம் நெளியுமே, அதேதான் சித்திரை மாசத்துக் கரம்பிலும் ரோட்டு மேலும் நடக்கிறது. சூடேறிய காற்றும் சூடேறாத காற்றும் கலந்து ஒளியை வளைக்கின்றன. நூறு மீட்டர் தாண்டியதும் இறகு கூழாகிவிடும். லென்ஸ் நீளமாக ஆக நெளிவும் பெரிதாகத் தெரியுமே தவிர சரியாகாது. பத்து மணி வெயிலில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு லென்ஸில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. லென்ஸில் ஒன்றும் இருக்காது.

இனி நம் கம்மாபுரத்து வயல். சம்பாவுக்குச் சேடை ஓட்டும் நாளில் வரப்பில் போய் உட்காருங்கள். டிராக்டர் முதல் சுற்று வரும்போதே உண்ணிக்கொக்குகள் பின்னால் சேர்ந்துவிடும். அடுத்த சுற்றில் சின்னக் கொக்கு, மடையான். கலங்கிய சேற்றில் நத்தையும் நண்டும் மேலே வந்ததும் நத்தைக்குத்தி நாரைகள் இறங்கும். வெளியில் நாம் நடந்து போனால் அறுபது மீட்டரிலேயே எழும்பிவிடும் அந்த நாரை, டிராக்டர் சக்கரத்துக்குப் பத்தடியில் பயமில்லாமல் மேய்கிறது. வரப்பில் குந்தியிருக்கும் ஆளையும் அது டிராக்டரோடு சேர்த்துத்தான் கணக்கில் வைக்கிறது போலும். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இருக்கும் அந்த இடைவெளியை மருமகனின் 70-200இல் அங்கேதான் தெளிவாக எடுத்தோம். எழுந்து நின்றால் அத்தனையும் பறந்துவிடும், அது வேறு விஷயம். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் நாம் இருக்கிற பக்கமாக இன்னொரு சுற்று வருவார்.

லென்ஸே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்துத் தண்ணீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியில் நீலத்தாழைக் கோழி, பாம்புத்தாரா, முக்குளிப்பான் எல்லாம் முப்பது, நாற்பது மீட்டருக்குள் கிடைக்கும். 400க்கு மேல் இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். கேள்வி, எந்த 400, எந்த 600 என்பது.

பெரிய பத்திரிகைக்காரர்கள் வைத்திருக்கும் 600 எஃப் 4 லென்ஸின் உள்ளே ஒளி நுழையும் வாசல் 15 செ.மீ. விட்டம், 600ஐ நாலால் வகுத்தால் வரும் எண் அது. அவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிசிறில்லாமல் தேய்த்து எடுக்கவேண்டியிருப்பதால் மூன்று கிலோ எடையும் பத்து லட்சத்துக்கு மேல் விலையும் வருகிறது. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ஜூம்களில் அதே 600 எஃப் 6.3இல் நிற்கிறது. வித்தியாசம் எண்ணில் சின்னதாகத் தெரியும். ஒளியில் அது இரண்டரை மடங்கு. மார்கழி மூட்டத்தில் அவர்கள் ஐ.எஸ்.ஓ. 1600இல் எடுப்பதை நாம் 4000இல் எடுக்கவேண்டும். இன்றைய கேமராக்கள் 4000ஐச் சமாளித்துவிடுகின்றன. அந்த ஒன்றேகால் ஸ்டாப்புக்காக நிலத்தை விற்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

நமக்கு எட்டும் வகையில் இருப்பவை இவை: சிக்மா, டாம்ரான் இரண்டின் 150-600, நிக்கான் 200-500, மிரர்லெஸ்காரர்களுக்கு சோனி 200-600, நிக்கான் இசட் 180-600, கேனான் 200-800. எல்லாமே இரண்டு கிலோவை ஒட்டித்தான். இவற்றுக்குள் எது கூர்மை என்று இரவெல்லாம் யூடியூப் பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. இரண்டு கிலோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எக்ஸெல் வண்டியில் வீராணம் வரை போய்வந்தால் தோள் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் பார்த்துவிட்டு வாங்கலாம். சென்னையில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

இங்கே நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. ஜூமைத் திருப்பும்போது குழல் வெளியே நீள்கிறதா, இல்லையா? சோனியின் 200-600, நிக்கானின் 180-600 இரண்டும் நீளாது, உள்ளுக்குள்ளேயே கண்ணாடிகள் நகரும். மற்றவை நீளும். நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும். நம் பக்கத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்பது இங்கே துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும். சுரங்க லாரி, சாம்பல் லாரி, அறுப்பு மெஷின் கிளப்பும் வைக்கோல் தூசி. நீளும் லென்ஸ்தான் கையிலிருக்கிறது என்றால் குழலை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் மெல்லிய துணியால் ஒரு துடை துடைக்கும் பழக்கம் வேண்டும்.

மருமகனுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. 70-200க்குப் பின்னால் இரண்டு மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் 400 ஆகிவிடாதா? ஆகும், இரண்டு ஸ்டாப் ஒளி போகும், ஃபோகஸ் தடுமாறும். கல்யாணத்துக்கும் உதவாது, காடைக்கும் உதவாது. இணையத்தில் சில ஆயிரத்துக்கு விற்கும் 420-800 குழாய்களைப் பற்றியும் கேட்டான். அதில் ஆட்டோஃபோகஸ் இல்லை, 800இல் எஃப் 16. வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்த லென்ஸ் மோகத்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் மா. கிருஷ்ணனைச் சொல்லுவேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இல் தொடங்கி 1996இல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். (வாரம் ஒன்றுக்கே மூச்சு வாங்கும் எனக்கு அந்த 46 வருஷம் மலைப்பாக இருக்கிறது.) அவருடைய கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காதது. உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, நடுவில் அவரே பொருத்திக்கொண்ட இணைப்புகள். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு வைத்திருந்தார். அதைப் பார்த்த இயற்கையாளர் ஈ.பி. ஜீ, உள்ளே எங்கேயாவது கம்பி வைத்துக் கட்டியிருக்கத்தான் வேண்டும் என்கிற தொனியில் கேலியாக எழுதினார். கருப்பு வெள்ளையிலேயே எடுத்த அந்தப் படங்களில் யானையின் தோல் சுருக்கத்தை எண்ணலாம். கால்நடையாகப் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்று எடுத்தவை.

படம் அழகாக வரவேண்டாம், பறவையை அடையாளம் கண்டால் போதும் என்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நிக்கானின் பி900 மாதிரி லென்ஸ் கழற்றமுடியாத கேமராக்கள் இருக்கின்றன. 2000 எம்.எம். என்று பெட்டியில் போட்டிருக்கும், உள்ளே இருப்பது 357தான், சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஆனால் தூரத்துக் கிளையில் இருப்பது வைரியா வல்லூறா என்ற சண்டையைத் தீர்த்துவைக்கும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு அதுவே தாராளம்.

கடைசியில் மருமகன் பழைய நிக்கான் 200-500 ஒன்றைப் பேசி முடித்தான். கேமரா மாற்றவேண்டியதில்லை, முழு நீளத்திலும் எஃப் 5.6 கிடைக்கிறது, 2.3 கிலோதான் உறுத்தல். வாங்குவதற்கு முன் நானும் கூடப் போயிருந்தேன். பழைய லென்ஸை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டக்கூடாது. இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பார்க்கவேண்டும். கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரிக் கிளைத்திருந்தால் பூஞ்சணம், எழுந்து வந்துவிடலாம். ஒன்றிரண்டு தூசி கிடப்பதற்குப் பயப்படவேண்டாம். பிறகு ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று 500இல் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்து உள்கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது தப்பித்தது. வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சணம் நிச்சயம்.

டிரைபாட் வாங்கவில்லை. அக்கா பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அதில் முக்கால் வாசி அரிசி போட்டு, வண்டி சீட்டின் மேலோ மதகுச் சுவரின் மேலோ வைத்து லென்ஸை அமுக்கினால் அசையாது. லென்ஸில் இருக்கும் வி.ஆர். நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பஞ்சுருட்டானின் சிறகைப் பிடிக்காது. அதற்கு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகமாவது வைக்கவேண்டும்.

போன முகூர்த்தத்தில் அதே லென்ஸை மண்டபத்துக்கும் எடுத்துப் போயிருக்கிறான். பந்தி நடக்கும் கோடியில் நின்றுகொண்டு, மேடையில் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்ததை யாருக்கும் தெரியாமல் எடுத்திருக்கிறான். ஆல்பத்தில் அதுதான் முதல் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அந்தப் பெரிய லென்ஸுக்குத் தனியாக எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டார்களாம்.