சலுகை போதாது, எழுத்து வேண்டும்

'கொக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. அதன் ஒலியோ ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. வலப்பக்கம் துணைக்கால் வேறு நிற்கிறது. மூன்றையும் கண் சேர்த்துக் கொடுக்க, நாக்கு ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் எப்படியோ பிடித்துக்கொள்கிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அது தானாக வாய்ப்பதில்லை. அதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிக்கல்.

அந்தப் பிள்ளைக்கு நம் வகுப்பறைகள் பலவற்றில் கிடைப்பது 'மக்கு' என்ற பட்டமும் நூறு தடவை எழுதிவரச் சொல்லும் இம்போசிஷனும்தான். வாசிக்கவே வராத சொல்லை நூறு முறை எழுதினால், அது நூறு முறை கோடு வரைந்ததாகத்தான் ஆகும். பிள்ளைகளை மனத்தளவில் துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. ஆகவே இதைக் கண்டிப்பு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது, இது கொடுமை.

வழி தெரியாததால் நடக்கும் கொடுமையும் அல்ல. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் 1930களிலேயே ஒரு முறையை வகுத்துவிட்டார்கள். எழுத்தைக் கண் பார்க்கும்போதே வாய் அதன் ஒலியைச் சொல்லும், காது கேட்கும், விரல் மணலிலோ உப்புத்தாளிலோ அதை வரையும். ஓர் எழுத்து பதிந்த பிறகே அடுத்தது. விரலும் குரலும் சேர்ந்து எழுத்துப் பழகுவது நமக்கும் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதை இங்கிலாந்துக்கே கொண்டுபோனார்.

இப்படிக் கண், வாய், காது, விரல் எல்லாம் சேர்வதே பல்புலன் வழிக் கற்பித்தல்; வண்ண அட்டையும் பாட்டும் இருந்தால் மட்டும் அது ஆகிவிடாது. 'இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்' என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் ஆய்வில் நிற்காத நம்பிக்கை. எளிய ஒலியில் தொடங்கி, விட்ட இடத்துக்குச் சலிக்காமல் திரும்பி, ஒழுங்காக முன்னேறுவதுதான் இந்த முறையின் உயிர். அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் பொறுமையாக ஒதுக்கும் நேரமும் வேண்டும். நகரத்தில் பணம் உள்ள பெற்றோர் இதைக் கட்டணம் கட்டி வாங்கிவிடுகிறார்கள். கூலிவேலைக்குப் போகும் தாயின் பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, தக்க கற்பித்தல் முறையால் அதைக் கடக்க உதவுவது பள்ளியின் கடமை என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நாமோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரும்வரை காத்திருந்து, கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஓர் ஆளும் தருகிறோம். அந்தச் சலுகை தேவைதான், குறைக்கவே கூடாது. ஆனால் முதல் வகுப்பில் செய்யாத கடமைக்கு அது ஈடாகாது. வாசிக்கக் கற்றுத்தராமலே ஒரு பிள்ளையைப் பத்து ஆண்டுகள் வகுப்பில் உட்காரவைத்த குற்றம் பள்ளியையும் அரசையும்தான் சேரும்.

இத்தகைய பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் அமர்த்தி, ஒருவரையே பல பள்ளிகளுக்கு அலையவிடும் ஏற்பாடு முடிவுக்கு வர வேண்டும். அவர்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இந்தப் பல்புலன் முறையில் பயிற்சி வேண்டும். வரும் கல்வியாண்டின் நிதி ஒதுக்கீட்டிலேயே அதற்கான தொகை இடம்பெற வேண்டும்.