'அருளர்' இசைத்தட்டும் கற்பிட்டிக் கரையும்

பாட்டு வேறு, அரசியல் வேறு எனப் பிரித்துப் பேசுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு மறுமொழியாக ஓர் இசைத்தட்டைச் சுட்டினால் போதும். எம்.ஐ.ஏ. என உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசத்தின் முதல் இசைத்தட்டாக 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 'அருளர்' என்பதே அது. அவ்வாண்டில் பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஈழத்து அகதிச் சிறுமி ஒருவர் மேலைநாட்டுப் பொப் இசையின் முன்வரிசைக்கு வந்தார் எனத் தமிழர் பெருமிதம் கொண்டனர். அப்பெருமிதம் நியாயமானதே, ஆனால் முழுமையானதா? புத்தளக் கரையில் வாழ்வோர் இவ்வினாவை எழுப்பாமல் இருத்தல் இயலாது.

அருளர் என்பது அவர் தந்தையின் இயக்கப் பெயர். 1975-இல் இலண்டனில் தோன்றிய ஈரோஸ் அமைப்பின் முன்னோடிகளுள் ஒருவர் அவர்; 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் கப்பலேறிய அகதிகளின் கதையை 'லங்கா ராணி' என்னும் நாவலாக எழுதியவர்; 2019-இல் மறைந்தார். மகளோ 1975-இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986-இல் தாயுடன் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றவர். தந்தை அருகிலின்றி வளர்ந்த மகள், தம் முதல் படைப்புக்குத் தந்தையின் பெயரையே சூட்டினார்.

இசையின் தகுதியை முதலில் கூறுவோம். பெரிய வாத்தியக் குழு அங்கே இல்லை. எம்.சி.505 என்னும் சிறு மின்னிசைக் கருவியில் அடிப்படைத் தாளங்கள் அமைந்தன. யமேக்கா நாட்டு ஒலிகளும் பிரேசில் சேரிகளின் ஆட்டத் தாளமும் இலண்டன் தெருப்பேச்சும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அழகிய குரல் என்று எவரும் அதனைப் புகழார். அதட்டும் குரல் அது. அகதி என்றால் கையேந்தி அழ வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அது உடைத்தெறிந்தது. 'சன்ஷவர்ஸ்' என்னும் பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிக்கும் சொல்லை நீக்குமாறு எம்.ரி.வி. தொலைக்காட்சி கேட்டபோது அவர் இணங்கவில்லை. இத்துணிவு பாராட்டுக்குரியது.

எனினும், அவர் தம் ஓவியங்களிலும் மேடைத் தோற்றத்திலும் துப்பாக்கியும் புலியும் அடையாளங்களாயின. இலண்டன் இளைஞனுக்கு அவை எதிர்ப்பின் சின்னங்கள். கற்பிட்டிக் கரையில் அவற்றின் பொருள் வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டியில் இறங்கினர். பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். சொந்த நிலத்தில் பயிரிட்டவர்கள் பிறர் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். அவர்கள் பேசும் மொழியும் தமிழே அன்றோ?

இக்குற்றத்தைப் பாடகியின் தலையில் சுமத்துவது நீதியன்று. வெளியேற்றம் நிகழ்வதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே அவர் நாட்டைவிட்டுச் சென்ற சிறுமி. தந்தையின் இயக்கமும் புலிகள் இயக்கம் அன்று. தாம் கண்டதையும் இழந்ததையும் அவர் பாடினார். நீதிமன்ற மொழியில் கூறினால், அவர் உண்மையான சாட்சி. ஆயின் ஒரு சாட்சியைக் கேட்ட மாத்திரத்தில் வழக்கு முடிவதில்லை. ஏனைய சாட்சிகளையும் கூண்டுக்கு அழைக்க வேண்டிய கடமை யாருடையது? அப்பாட்டைக் கேட்டுக் கைதட்டிய நம்முடையது. நம் துயரை உலகம் கேட்கவில்லை என முறையிடும் நாம், நம் அயலில் கிடுகுக்குள் இருந்தவரின் துயரை எத்துணை கேட்டோம்?

இது வெறும் மன உருக்கம் பற்றிய பேச்சன்று. நம் நாட்டுச் சட்டத்தில் பத்தாண்டு இடையறாத ஆட்சி, காணியில் உரிமையாக மாறக்கூடும். விரட்டப்பட்டவன் எவ்வாறு தன் காணிக்குச் சென்று தடை கூறுவான்? இவ்வநீதியை உணர்ந்தே, வன்செயலால் நீதிமன்றை நாட முடியாதிருந்தோருக்காக 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் சிறப்பேற்பாடு செய்தது. ஆனால் சட்டம் மட்டும் எல்லை காட்டாது. உறுதி தொலைந்த காணியில் வேலி எங்கே இருந்தது, கிணறு யாருடையது, எவர் உழுதார் என்பதை அறிந்தவர் பக்கத்துக் காணித் தமிழ் விவசாயியே. அவர் முன்வந்து சாட்சி சொல்லட்டும். தமிழ் வழக்கறிஞர்கள் கூலி கேளாது அவ்வழக்குகளை ஏற்கட்டும். கிராம அலுவலர்களும் ஆசிரியர்களும் திரும்பி வருவோரை அந்நியராக நடத்தாது வரவேற்கட்டும்.

'அருளர்' நல்ல இசைத்தட்டு. இளைஞர் கேட்கட்டும், ஆடட்டும். அகதியின் பிள்ளைக்குத் தலைநிமிர்ந்து பேசும் உரிமை உண்டென அறியட்டும். அதே உரிமை கற்பிட்டியில் பிறந்து வளர்ந்த வடபுலத்து முஸ்லிம் பிள்ளைக்கும் உண்டு. அப்பிள்ளையின் பாட்டு நாளை வெளிவரும்போது, அதில் நம் பெயர் எவ்வாறு இடம்பெறும் என்பது இன்று நாம் செய்யும் செயலைப் பொறுத்தது.