புதுசாக்காதீர்கள், ஓட வையுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். மறைந்த அவன் அப்பாவின் புல்லட். கடலூர் முதுநகர்ப் பக்கம் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. எண்பதாயிரம் செலவு செய்து வெளியூர்ப் பட்டறை ஒன்றில் "ரெஸ்டோர்" பண்ணியிருக்கிறான். கண்ணாடி மாதிரி பெயின்ட், அலாய் வீல், முன்னால் டிஸ்க் பிரேக், எல்.இ.டி. விளக்கு, வலது பக்கம் இருந்த கியர் இடது பக்கம் மாறியிருக்கிறது. "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டிருந்தான். "நல்லா இருக்கு தம்பி" என்று பதில் போட்டேன்.

பொய் சொன்னேன். நாற்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கே போன் செய்து, "பழைய பாகங்கள் எல்லாம் எங்கேப்பா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் காயலான் கடையில போட்டுட்டாங்களாம் சார்" என்றான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவன் பெருந்தன்மையான பிள்ளை. "எழுதுங்க சார், மத்தவங்களாவது தப்பிக்கட்டும்" என்றான்.

என் கட்சி இதுதான். பழைய வண்டியை ஓட வைப்பது ஒரு வேலை. பழைய வண்டியைப் புதுசாக்குவது வேறு வேலை. இரண்டாவது வேலைக்கு முதல் வேலையின் பெயரை வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள். அப்பாவின் வண்டியைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் நம்பர் பிளேட் மாட்டிய வேறு வண்டியை வாங்கி வருகிறீர்கள்.

"இவருக்கு என்ன தெரியும், வாத்தியார்தானே" என்று நினைப்பவர்களுக்கு என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நானும் அதே குற்றத்தைச் செய்தவன்.

என் வண்டியை உங்களில் பலருக்குத் தெரியும். பெரியப்பா 1974இல் வாங்கிய புல்லட். 1989இல் என் கைக்கு வந்தது. பி.முட்லூர் தாண்டும்போதே சத்தம் கேட்டுவிடும், வகுப்பு அமைதியாகிவிடும் என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். மழை நாளில் டேங்க் மேல் ஒருவன், பின்னால் இரண்டு பேர் என்று ஏற்றிப்போயிருக்கிறேன். (தவறுதான். இப்போது யாரும் செய்யாதீர்கள்.) அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே டேங்கின் மேல் கறுப்புப் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து கீழே இரும்பு தெரிந்தது. வண்டி பல வருடம் கொட்டகையில் நின்றது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் வந்தபோது கொட்டகைக் கூரை அதன் மேல் விழுந்து டேங்கில் ஒரு சொட்டை. 2015 வெள்ளத்தில் இன்ஜின் வரை தண்ணீர். அதற்கு மேல் நம் ஊர் உப்புக் காற்று.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டு வராண்டாவில் வைத்துப் பிரித்தேன். துணைக்கு சிதம்பரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். என் வகுப்பில் ஏழாவதோடு நின்றுபோனவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான். பதினான்கு மாதம் ஆனது. இன்ஜினை ஒழுங்காகத்தான் செய்தோம். டேங்கையும் மட்கார்டையும் மட்டும் அவனிடம் சொல்லாமல், அவசரப்பட்டு, ஒரு பட்டறையில் கொடுத்தேன். "புதுசு மாதிரி ஆகணும்" என்று என் வாயாலேயே சொன்னேன். மணல் பீய்ச்சியடித்து இரும்பு வரை சுரண்டி, சொட்டையில் பட்டி வைத்து, பெயின்ட் அடித்து, தங்கக் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. மெக்கானிக் பார்த்தான். ஒரே கேள்விதான் கேட்டான். "அந்தக் கோடு கையில போட்டது சார். தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். புல்லட் டேங்கின் தங்கக் கோடுகளை திருவொற்றியூர் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். 1974இல் யாரோ ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த கோடு அது. வெயில், மழை, புயல், வெள்ளம் எல்லாம் தாண்டி இருந்தது. நான் அதை ஒரு பிற்பகலில் அழித்தேன். நீங்கள் உட்கார்ந்து தேய்த்த இடமும் அதோடு போயிற்று. பெயின்ட் கடையில் கறுப்பு கிடைக்கும். முப்பது பிள்ளைகள் உட்கார்ந்த தேய்மானம் எந்தக் கடையில் கிடைக்கும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். கோயில் திருப்பணி என்ற பெயரில் கல் மேல் மணலைப் பீய்ச்சியடித்து, கல்வெட்டு எழுத்துகளையும் சிற்பங்களின் நுணுக்கத்தையும் தேய்த்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் கொதித்தோம்! தில்லைக் கோபுர வாசல்களில் இருக்கும் நூற்றெட்டுக் கரணச் சிற்பங்கள் மங்கலாக இருக்கின்றன, சுரண்டிப் பளிச்சென்று ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் விடுவோமா? அங்கே கூடாது என்று சொல்லும் அதே மணலை வீட்டு வண்டி மேல் அடிக்கக் காசு கொடுக்கிறோம்.

"கோயிலும் மோட்டார் சைக்கிளும் ஒன்றா சார்?" என்பீர்கள். ஒன்றில்லை. ஆனால் இதுவும் நம் மண்ணில் நடந்த ஒரு தொழிலின் சாட்சி. இங்கிலாந்து ரெட்டிச்சில் பிறந்த வண்டி இது. நம் ராணுவம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக 800 வண்டிகள் கேட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. முதலில் உதிரியாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. தாய்வீட்டில் அணைந்த அடுப்பை நம் தொழிலாளர்கள் இங்கே எரிய வைத்தார்கள். அவர்கள் கை பட்ட பாகத்தைத்தான் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறோம்.

இனி வழக்கமாக வரும் வாதங்களுக்கு வருகிறேன்.

ஒன்று. "பாதுகாப்பு முக்கியம் சார்." முழுக்க ஒப்புக்கொள்கிறேன். டயர், டியூப், பிரேக் லைனர், கேபிள்கள், செயின், வயரிங் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நானும் மாற்றினேன். இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. பெரியப்பா காலத்திலேயே பலமுறை மாறியவை. தேய்கிற பாகத்தை மாற்றுவது வண்டிக்குச் சோறு போடுவது. எல்.இ.டி.யும் அலாய் வீலும் எந்தப் பசிக்கு?

இரண்டு. "இடது பக்கக் கியர்தான் இப்போ எல்லாருக்கும் பழக்கம்." வலது காலில் கியர், ஒன்று மேலே மூன்று கீழே, இடது காலில் பிரேக். அதோடு முதல் கியர் தவிர மற்ற எந்தக் கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி லீவர். இதைப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. உங்களுக்குப் பத்து நாள் ஆகட்டும். அப்பாவின் கால் செய்ததை உங்கள் கால் கற்றுக்கொள்ளும் பத்து நாள் அது. அதையும் மிச்சம் பிடிக்க வேண்டுமா? பழகும்வரை தெருவுக்குள் ஓட்டுங்கள், பைபாஸ் பக்கம் போகாதீர்கள்.

மூன்று. "பழசு பழசாவே இருந்தா அசிங்கமா இருக்கு, மதிப்பு இல்லை." உலகம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. 1966இல் தொடங்கப்பட்ட ஃபிவா என்ற சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பு, டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் சாரம்: இருப்பதைக் காப்பது முதல் கடமை, மாற்றுவது கடைசி வழி, மாற்றியதைக் குறித்து வை. நம் அரசும் 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் விதிகளில், 50 வயது கடந்தால் மட்டும் போதாது, மூல வடிவம் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர். அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டவும் முடியாது. எனக்கு ஓட்ட வேண்டும் என்பதால் நான் அதற்குப் போகவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புக்கைப் புதுப்பித்துக்கொள்கிறேன். ஆனால் சட்டமே எதை மதிக்கிறது என்று பாருங்கள். உங்கள் எண்பதாயிரம் மதிப்பைக் கூட்டவில்லை, கரைத்தது.

நான்கு. "நேரம் இல்லை சார், அதான் பட்டறையில் விட்டோம்." விடுங்கள். தவறே இல்லை. ஆனால் மேற்பார்வை உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டில் செய்பவர்களும் பட்டறையில் விடுபவர்களும் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்கள். நட்டு போல்ட்டுகளை இடம் எழுதிய டப்பாக்களில் போடுங்கள். பழைய புல்லட்டில் பல நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும். பட்டறைக்காரரிடம் அந்த ஸ்பானர் செட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

டேங்குக்கு உள்ளே துருவா? வெளியே சுரண்டாதீர்கள். கெட்டியான புளிக்கரைசலை ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, ஒரு கைப்பிடி சிறு ஜல்லி போட்டுக் குலுக்கினேன். பிறகு சோடா மாவுத் தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். கடலோர ஊரில் மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

இன்ஜின் 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அந்த நீள ஸ்ட்ரோக்கும் நிதானமான சுழற்சியும் சேர்ந்துதான் அந்த 'டப் டப்'. சைலன்சரை ஓட்டை போட்டு ஊரை எழுப்புவதற்குப் பெயர் புல்லட் சத்தம் இல்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் வைக்க வேண்டும். என் மெக்கானிக் மீட்டர் எதுவும் எடுக்கவில்லை. புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினான். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. "இவ்வளவுதான் சார்" என்றான். என்னைச் செய்யச் சொன்னான். ஆறு முறை தப்பாக வைத்தேன். ஆறு முறையும் குரல் உயர்த்தாமல் திருத்தினான். அவனுக்கு ஏழாம் வகுப்பில் வாய்ப்பாடு வராதபோது நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. இருவரும் அதைப் பேசவில்லை.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். உடைந்திருந்தாலும் வாங்குங்கள். ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். பெயின்ட் தேய்ந்த இடத்தில் மெழுகு தடவினால் துரு ஏறாது, அப்படியே விட்டுவிடலாம். பின்னால் மனம் மாறினால் புதுப் பெயின்ட் என்றைக்கு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அடித்த பிறகு மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. என்னைப் பாருங்கள்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்த வயசில் எதுக்கு இந்த இரும்பு, எடைக்குப் போட்டா நாலு காசு வரும்" என்று கல்யாண வீடுகளில் சொல்கிறீர்கள். காதில் விழாமல் இல்லை. இந்த இரும்பு போன மாதம் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல், வழியில் ஒரு இடத்திலும் நிற்காமல், என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆம்மீட்டர் முள்ளை நடுவில் கொண்டுவந்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, உதையைப் பாதி இறக்கி, விட்டு, ஒரே உதை. பெரியப்பா சொல்லிக்கொடுத்த அதே வரிசை.

எண்பதாயிரம் செலவழித்த தம்பிக்கு. பட்டறைக்காரர் எந்தக் காயலான் கடையில் போட்டார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கியர் பாக்ஸாவது அகப்பட்டால் நம் மெக்கானிக் பூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அகப்படாவிட்டாலும் மனம் தளராதே. உன் அப்பா உட்கார்ந்த சீட்டின் இரும்புச் சட்டமாவது மிச்சம் இருக்கிறதா என்று ரெக்சினைப் பிரித்துப் பார்.

மற்றவர்களுக்கு. வீட்டில் அப்பா வண்டி, தாத்தா வண்டி நிற்கிறதா? புல்லட், ஜாவா, ராஜ்தூத், லாம்பி எதுவானாலும் சரி, பட்டறைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வராண்டாவுக்குக் கொண்டுவாருங்கள். காப்பி உண்டு, விட்வொர்த் ஸ்பானர் உண்டு. மெக்கானிக்குக்குக் கூலி மட்டும் முறையாகக் கொடுத்துவிடுங்கள். அவனை நான் பேரம் பேச விடமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்